செக்‌ஷன் 8 வாடகை உதவி கைநழுவிப் போகாமல் காத்துக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் செக்‌ஷன் 8 வவுச்சர், அதாவது வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் உதவிச் சீட்டு, கிடைப்பதற்குப் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கியதை ஒரு கடிதத்துக்குப் பதில் போடாததால் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படிவம் நிரப்பவும், விசாரணையில் உடன் அமர்ந்து மொழிபெயர்க்கவும் சில தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாகப் போய்வந்ததில் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. நான் வழக்கறிஞர் இல்லை. கையில் ரத்து நோட்டீஸ் இருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல், கடைசிப் பகுதியில் “ரத்து நோட்டீஸ் வந்துவிட்டது” என்று தொடங்கும் கேள்விக்கு முதலில் போங்கள்.

இந்த உதவியை உண்மையில் யார் தருகிறார்கள்?

பணம் மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையுடையது. சுருக்கமாக ஹட் (எச்.யு.டி.) என்பார்கள். 1937ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் 1974இல் சேர்க்கப்பட்ட எட்டாம் பிரிவிலிருந்து வந்த பெயர்தான் செக்‌ஷன் 8. இன்று சுமார் 23 லட்சம் குடும்பங்கள் வவுச்சரில் வாழ்கின்றன. அதை நடத்துவது உங்கள் ஊரின் வீட்டுவசதி முகமை. இனி முகமை என்று சொல்வதெல்லாம் அதைத்தான்.

கழிவுகள் போக மாத வருமானம் 1,500 டாலர் என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய 30 விழுக்காடு, அதாவது 450 டாலர், உங்கள் பங்கு. வாடகை 1,600 டாலராகவும் அது முகமையின் உச்சவரம்புக்குள்ளும் இருந்தால், மீதி 1,150 டாலரை முகமை நேரே வீட்டுக்காரருக்குச் செலுத்தும்.

இதில் மூன்று உறவுகள் இருக்கின்றன: உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரருக்கும் முகமைக்கும் ஓர் ஒப்பந்தம், உங்களுக்கும் முகமைக்கும் வவுச்சர். வீட்டைக் காலி செய்யச் சொல்வது வேறு, வவுச்சரை ரத்து செய்வது வேறு. ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வரலாம் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம்.

எதற்காகவெல்லாம் ரத்து செய்வார்கள்?

மத்திய விதித்தொகுப்பின் 982ஆம் பகுதியில் குடும்பத்தின் கடமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. கேட்ட தகவலை உண்மையாகக் கொடுக்க வேண்டும். வீட்டை ஆய்வு செய்ய விட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் கடுமையாகவோ திரும்பத் திரும்பவோ மீறக் கூடாது. அந்த வீடு மட்டுமே உங்கள் வசிப்பிடமாக இருக்க வேண்டும், உள்வாடகைக்கு விடக் கூடாது. அனுமதி இல்லாமல் ஆள் சேர்க்கக் கூடாது. போதைப்பொருள் குற்றமும் வன்முறைக் குற்றமும் கூடாது. பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் ஆகியோரின் வீட்டில் வவுச்சரை வைத்துக் குடியிருக்கவும் கூடாது. உடல்நலக் குறைபாடு உள்ளவருக்காக முகமை ஒப்புக்கொண்டால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

பட்டியல் நீளமானது. ஆனால் நான் உடன் போன இடங்களில் பெரும்பாலும் குற்றம் எதுவும் இல்லை. இருந்தது மௌனம். வேலை மாறியதைச் சொல்லவில்லை, மருமகன் வந்து தங்கியதைச் சொல்லவில்லை, ஆய்வுக்கு வந்தவர் தட்டியபோது கதவு திறக்கப்படவில்லை. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, அலுவலகக் கடிதங்கள் அத்தனையையும் நீல நிற பிஸ்கட் டின்னில் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார். பிரிக்கப்படாத உறைகள் ஏழு. “பையன் சனிக்கிழமை வருவான், அவன் பார்த்துக்கொள்வான் என்று வைத்தேன்” என்றார். ஏழில் மூன்றாவது உறை, வருமானத்தையும் குடும்ப விவரத்தையும் முகமை மறுபடி சரிபார்க்கும் ஆண்டு மறுசரிபார்ப்புப் படிவம். ஆறாவது ரத்து நோட்டீஸ்.

முகமையிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

அன்றே பிரியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் புகைப்படம் எடுத்து, புரிந்தவருக்கு அன்றே அனுப்புங்கள். சனிக்கிழமை வரை வைக்காதீர்கள். கெடு பெரும்பாலும் கடிதத்தில் அச்சிட்ட தேதியிலிருந்து எண்ணப்படும், நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. உறையையும் எறியாதீர்கள். அதன் மேல் இருக்கும் தபால் முத்திரை, கடிதம் தாமதமாகத்தான் அனுப்பப்பட்டது என்று ஒருநாள் உங்களுக்காகச் சாட்சி சொல்லக்கூடும்.

பதிலை எழுத்தில் கொடுங்கள். நேரில் கொடுத்தால் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதி முத்திரை குத்தித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றினால் ஏற்றியதைக் காட்டும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். தொலைபேசியில் பேசினால் பேசியவர் பெயர், நாள், நேரம், என்ன சொன்னார் என்பதை ஒரு நோட்டில் குறியுங்கள். பிறகு “இன்று தொலைபேசியில் பேசியபடி” என்று தொடங்கி இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். “நான் போனில் சொன்னேனே” என்ற வாதம் விசாரணையில் எத்தனை பலவீனமானது என்பதை நேரில் பார்த்தவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எல்லா ஆவணமும் கைக்கு வரவில்லை என்றால் இருப்பதை உரிய நாளில் கொடுத்துவிட்டு, மீதிக்கு அவகாசம் கேட்டு எழுதுங்கள். வெறுங்கையோடு கெடுவைக் கடப்பதைவிடப் பாதியோடு நிற்பது எவ்வளவோ மேல்.

எங்கள் பெயர்கள் ஆவணத்துக்கு ஆவணம் வேறாக இருக்கின்றன. சிக்கலாகுமா?

ஆகலாம். தமிழர்களிடம் இது சாதாரணம். கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சமூகப் பாதுகாப்பு அட்டையில் கணவர் பெயர் இருக்கும், வங்கியில் வெறும் இனிஷியல் இருக்கும். சமூகப் பாதுகாப்பு எண்ணோடு பெயர் ஒத்துப்போகாவிட்டால் சரிபார்ப்பு தடைபட்டு, “தகவல் தரவில்லை” என்ற கணக்கில் கடிதம் வரும். மூன்று வடிவங்களும் ஒரே ஆள்தான் என்று கையொப்பமிட்ட விளக்கக் கடிதம் ஒன்றை ஆவணங்களின் பிரதிகளோடு கோப்பில் சேர்க்கக் கொடுங்கள். முடிந்தால் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பெயரையே திருத்திக்கொள்ளுங்கள்.

வருமானம் கூடினால் சொல்லத்தான் வேண்டுமா? வாடகை ஏறிவிடுமே.

சொல்லத்தான் வேண்டும். எத்தனை நாளுக்குள் என்பது முகமைக்கு முகமை மாறும். அவர்களின் நிர்வாகத் திட்டம் என்ற ஆவணத்தில் அது இருக்கும். கேட்டு வாங்கிப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

மறைத்தாலும் மறையாது. முகமைகளிடம் இ.ஐ.வி. என்ற கணினி அமைப்பு இருக்கிறது. முதலாளிகள் புதிதாக வேலைக்கு எடுத்தவர்களைப் பற்றித் தரும் பதிவுகள், சம்பள விவரம், வேலையின்மை உதவித்தொகை, சமூகப் பாதுகாப்புப் பணம் எல்லாம் அதில் வந்து விழும். சில மாதம் கழித்து அது கண்டுபிடிக்கப்படும்போது, அதுவரை முகமை கூடுதலாகக் கட்டிய தொகை முழுவதும் உங்கள் தலையில் கடனாக நிற்கும். தெரியாமல் நடந்த பிழை என்றால் தவணையில் திருப்பிச் செலுத்தும் ஒப்பந்தத்துக்குப் பல முகமைகள் இசைகின்றன. அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் தொகை சரியா என்று கணக்குப் பாருங்கள். தவணை தவறினால் அதுவே ரத்துக்குக் காரணமாகும் என்பதால், கட்ட முடிகிற தொகையைச் சொல்லிப் பேசுங்கள்.

ஒரு ஆறுதல்: சொல்வதெல்லாம் வாடகையை ஏற்றிவிடாது. 18 வயது நிரம்பாத பிள்ளை சம்பாதிப்பது கணக்கில் வராது. முழுநேரம் படிக்கும் வளர்ந்த பிள்ளையின் பகுதிநேரச் சம்பளத்திலும் பெரும்பகுதி விலக்கப்படும். ஆனாலும் சொல்லிவிட வேண்டும். எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதை முகமை முடிவு செய்யட்டும்.

வருமானம் குறைந்தால்?

அன்றே எழுதுங்கள். உங்கள் பங்கு குறைவது பெரும்பாலும் நீங்கள் தெரிவித்ததற்கு அடுத்த மாதத்திலிருந்துதான். வேலை போய் மூன்று மாதம் பழைய பங்கையே கட்டத் திணறி, வாடகை பாக்கி விழுந்து, வீட்டுக்காரர் வழக்குப் போட்ட பிறகு வந்து கேட்பவர்கள் உண்டு. ஒரே ஒரு கடிதம் அந்தப் பாக்கியைத் தடுத்திருக்கும். மருந்துச் செலவையும் மறக்காதீர்கள். முதியோரும் உடற்குறைபாடு உள்ளோரும் இருக்கும் குடும்பத்தில், கையிலிருந்து போகும் மருத்துவச் செலவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். வேலைக்குப் போவதற்காகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கொடுக்கும் பணத்துக்கும் கழிவு உண்டு. ரசீது வேண்டும்.

மகன் மாதாமாதம் பணம் தருகிறான். ஊரில் ஒரு வீடும் இருக்கிறது. இதெல்லாமும் சொல்ல வேண்டுமா?

ஆம், இரண்டையும். வீட்டுக்கு வெளியே இருப்பவர் ஒழுங்காகத் தரும் பணம் வருமானம். தீபாவளிக்கோ பிறந்தநாளுக்கோ கொடுத்த அன்பளிப்பு அப்படி அல்ல. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ உங்கள் பெயரில் இருக்கும் வீடும் நிலமும் சொத்து. “அது அங்கே கிடக்கிறது, இங்கே யார் கேட்கப் போகிறார்கள்” என்று படிவத்தில் “சொத்து இல்லை” என்று எழுதிக் கையொப்பமிட்டால், சொத்தைவிட அந்தக் கையொப்பம்தான் பெரிய ஆபத்து. பாகப்பிரிவினை ஆகாத குடும்பச் சொத்து, வழக்கில் இருக்கும் நிலம், விற்க முடியாத வீடு என்றால் அதையும் அப்படியே விளக்கி எழுதுங்கள். மதிப்பிடும்போது அந்த விளக்கம் உதவும்.

ஊருக்குப் போய் நான்கு மாதம் இருந்துவிட்டு வரலாமா?

மத்திய விதியின்படி எந்தக் காரணத்துக்காகவும் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வீட்டில் இல்லாமல் இருக்கக் கூடாது. உங்கள் முகமையின் வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம். டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துவிட்டு, போகும் நாளையும் திரும்பும் நாளையும் எழுத்தில் தெரிவியுங்கள். வாடகைப் பங்கு தவறாமல் போக வேண்டும். தபால் பெட்டியைத் திறந்து பார்க்க நம்பிக்கையான ஒருவர் வேண்டும். பேத்தியின் கல்யாணத்துக்குப் போயிருந்த காலத்தில் மறுசரிபார்ப்புக் கெடு கடந்துபோனதுதான் அந்த பிஸ்கட் டின் கதையின் தொடக்கம்.

உறவினர் வந்து தங்கினால்?

விருந்தாளிக்குப் பல முகமைகள் நாள் கணக்கு வைத்திருக்கின்றன. வாடகை ஒப்பந்தத்திலும் ஒரு வரம்பு இருக்கும். இரண்டையும் பாருங்கள். நிரந்தரமாகத் தங்கப் போகிறவர் என்றால் குடிபுகும் முன்பே முகமையிடமும் வீட்டுக்காரரிடமும் அனுமதி வேண்டும். குழந்தை பிறந்தாலோ, தத்தெடுத்தாலோ, நீதிமன்றம் பிள்ளையை உங்கள் பொறுப்பில் விட்டாலோ உடனே தெரிவித்தால் போதும். யாராவது வீட்டை விட்டுப் போனாலும் தெரிவிக்க வேண்டும், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். உங்கள் முகவரியில் கடிதம் வாங்கிக்கொள்ளவும் ஓட்டுநர் உரிமம் எடுக்கவும் உறவினரை அனுமதிக்காதீர்கள். அவர் அங்கே குடியிருக்கிறார் என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

உடல்நிலை காரணமாக இரவும் பகலும் ஒருவர் துணை தேவை என்றால், உடன் தங்கும் பராமரிப்பாளரைக் கேட்டுப் பெறலாம். அவருடைய வருமானம் உங்கள் கணக்கில் சேராது.

வீட்டு ஆய்வில் எதைப் பார்ப்பார்கள்?

பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வு நடக்கும். வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டியவை அவர் பொறுப்பு. உங்கள் பெயரில் இருக்கும் மின்சாரமோ எரிவாயுவோ துண்டிக்கப்படுவதும், நீங்களோ விருந்தாளியோ செய்த சேதமும் உங்கள் பொறுப்பு. உயிருக்கு ஆபத்தான குறையை 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும்.

நம் வீடுகளில் அடிக்கடி பார்க்கும் ஒன்று: மிளகாய் தாளிக்கும்போது புகை எச்சரிப்பான் அலறுகிறது என்று அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிடுவது. அது உயிராபத்துப் பட்டியலில் இருக்கும் குறை. மாட்டி வையுங்கள். ஜன்னலைத் திறங்கள், புகைபோக்கி விசிறி வேலை செய்யாவிட்டால் வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். ஆய்வு நாளில் வீட்டில் இருக்க முடியாது என்றால் முன்கூட்டியே தேதி மாற்றிக் கேளுங்கள். இரண்டு முறை கதவு திறக்காவிட்டால் ரத்து நடவடிக்கை தொடங்கும் முகமைகள் பல.

வீட்டுக்காரர் மாதம் 200 டாலர் தனியாகக் கையில் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். முகமை ஒப்புக்கொண்ட வாடகைக்கு மேல் அவர் வாங்குவது சட்ட விரோதம். நீங்கள் கொடுத்ததும் பிற்பாடு உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். கேட்டதை எழுத்தில் வரச் செய்து முகமைக்குத் தெரிவியுங்கள். அதேபோல் முகமை தன் பங்கைக் கட்டத் தவறினால் அந்தத் தொகையை உங்களிடம் கேட்கவும் அவருக்கு உரிமை இல்லை.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது.

அதன் பிரதியை உடனே முகமைக்குக் கொடுங்கள், அது உங்கள் கடமை. பயந்து சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடாதீர்கள். நீதிமன்ற நாளைத் தவறவிடாதீர்கள். கடுமையான ஒப்பந்த மீறலுக்காக நீதிமன்றம் உங்களை வெளியேற்றினால், முகமை வவுச்சரை ரத்து செய்தே ஆக வேண்டும். அங்கே அதிகாரியின் இரக்கத்துக்கு இடமே இல்லை. ஆகவே தீர்ப்புக்கு முன் சமரசம் பேசுவது மிகவும் முக்கியம். பாக்கியைத் தவணையில் தருவதாகவோ, குறிப்பிட்ட நாளில் தாமாகவே வெளியேறுவதாகவோ பேசி முடித்து, வெளியேற்றத் தீர்ப்பு பதிவாகாமல் பார்த்துக்கொண்டால் வவுச்சரோடு வேறு வீடு தேடலாம். இந்த இடத்தில் ஒரு வழக்கறிஞர் பக்கத்தில் இருப்பது எல்லாவற்றையும் மாற்றும். 211 என்ற எண்ணை அழைத்து உங்கள் பகுதியின் இலவச சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள்.

எங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வமானது. அது பரவாயில்லையா?

இல்லை. வவுச்சர் மத்திய அரசின் திட்டம், மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் தடைப்பொருள். மருத்துவச் சீட்டு இருந்தாலும் ஆபத்து உண்டு.

அடித்துத் துன்புறுத்தும் கணவரால் போலீஸ் வந்தது. வவுச்சர் போய்விடுமா?

பாதிக்கப்பட்டவர் என்பதற்காக உங்கள் உதவியை நிறுத்த முடியாது. பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து வவுச்சர் குடும்பங்களையும் காக்கிறது. பெயரில் பெண்கள் என்றிருந்தாலும் ஆண்களுக்கும் அது பொருந்தும். அடித்தவரை மட்டும் நீக்கிவிட்டு உதவியை உங்களிடம் வைத்திருக்க முகமையால் முடியும். ஆதாரம் கேட்டு எழுதினால் பதில் தர 14 வேலை நாள் உண்டு. எச்.யு.டி. 5382 என்ற படிவத்தில் நீங்களே எழுதிக் கையொப்பமிடுவது பெரும்பாலும் போதும். போலீஸ் அறிக்கை இல்லையே என்று தயங்காதீர்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்றும் தயங்காதீர்கள். முகமை இந்தத் தகவலை ரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டது.

ரத்து நோட்டீஸ் வந்துவிட்டது. எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. முகமை நடத்தும் முறைசாரா விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசு உதவியை நிறுத்தும் முன் வாதாட வாய்ப்புத் தர வேண்டும் என்று 1970இல் உச்ச நீதிமன்றம் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில் சொன்ன தீர்ப்பின் வழியில் வந்த உரிமை அது. நோட்டீஸில் காரணமும், விசாரணை கேட்கக் கடைசி நாளும் இருக்க வேண்டும். அந்த நாளைச் சுற்றி வட்டம் போடுங்கள். “என் உதவியை நிறுத்தும் முடிவை எதிர்த்து விசாரணை கோருகிறேன்” என்ற ஒரு வரியும் பெயரும் தேதியும் போதும். காரணம் எழுதிக்கொண்டிருந்து நாளைக் கடத்தாதீர்கள். உரிய நாளுக்குள் கேட்டுவிட்டால், நடப்பு வீட்டுக்கான உதவியை விசாரணைக்கு முன் நிறுத்த முடியாது.

அடுத்த வேலை கோப்பைப் பார்ப்பது. முகமை பயன்படுத்தப்போகும் ஆவணங்களை முன்கூட்டியே பார்க்கவும் உங்கள் செலவில் பிரதி எடுக்கவும் உரிமை உண்டு. நீங்கள் கேட்டும் அவர்கள் காட்டாத ஆவணத்தை விசாரணையில் அவர்கள் பயன்படுத்தக் கூடாது. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசாரணைக்குப் போகாதீர்கள். அந்த அம்மாவின் கோப்பைப் புரட்டியபோது அவருக்கு அனுப்பிய கடிதங்களில் ஒன்று, பிழையான வீட்டு எண்ணால் திரும்பி வந்து உறையோடு உள்ளேயே இருந்தது. மஞ்சள் ஒட்டோடு கிடந்த அந்த உறைதான் விசாரணையில் எங்களுக்குக் கைகொடுத்தது.

விசாரணை அதிகாரி, ரத்து முடிவை எடுத்தவராகவோ அவருக்குக் கீழ் வேலை செய்பவராகவோ இருக்கக் கூடாது. வழக்கறிஞரையோ வேறு துணையையோ அழைத்துச் செல்லலாம். சாட்சிகளைக் கொண்டுவரலாம், முகமையின் சாட்சிகளை நீங்கள் கேள்வி கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விசாரணை கேட்கும் கடிதத்திலேயே எழுதுங்கள். அவர்கள் தராமல் போனாலும் தடுமாறாதபடி ஒருவரை நீங்களும் தயார் செய்யுங்கள். பத்து வயதுப் பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

“நான் செய்யவில்லை” என்பது மட்டுமே வாதம் அல்ல. பிழை எவ்வளவு பெரியது, குடும்பத்தில் யார் செய்தது, சம்பந்தமில்லாத மற்றவர்களுக்கு என்ன ஆகும், உடல்நலக் குறைபாடு காரணமா என்பதையெல்லாம் முகமை கருத்தில் கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. தவறு செய்த மகன் இனி அந்த வீட்டில் இருக்க மாட்டான் என்ற நிபந்தனையில் மற்றவர்களின் உதவி தொடர்வதும் உண்டு. கைதானது குறித்த காகிதம் மட்டும் கோப்பில் இருந்தால், கைது வேறு, குற்றம் செய்ததற்கு ஆதாரம் வேறு என்று எடுத்துச் சொல்லுங்கள். மன அழுத்தத்தாலோ மறதி நோயாலோ கடிதங்களைக் கவனிக்க முடியவில்லை என்றால், மருத்துவரின் கடிதத்தோடு “நியாயமான வசதி”, அதாவது குறைபாட்டுக்கு ஏற்ப நடைமுறையில் ஒரு மாற்றம், கேட்கலாம். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு தரும் உரிமை அது. நோட்டீஸ் வந்த பிறகும் கேட்கலாம். கடிதங்களின் பிரதி மகளுக்கும் போக வேண்டும் என்பதுகூட அப்படிக் கேட்கக்கூடிய வசதிதான்.

முடிவு எழுத்தில் வரும். பாதகமாக வந்தால் நீதிமன்றம் போகலாம். நியூயார்க்கில் அதற்குச் சட்டப்பிரிவு 78 மனு என்று பெயர், நான்கு மாதத்துக்குள் போட வேண்டும். மற்ற மாநிலங்களில் கெடு இன்னும் குறைவாக இருக்கலாம்.

எந்தத் தவறும் செய்யாமலே உதவி நின்றுபோகுமா?

இரண்டு வகையில். வருமானம் உயர்ந்து முழு வாடகையையும் நீங்களே கட்டும் நிலை வந்தால், முகமை கடைசியாகப் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளில் அந்த வீட்டுக்காக முகமையும் வீட்டுக்காரரும் செய்த ஒப்பந்தம் தானாக முடியும். அதற்குள் வருமானம் மறுபடி சரிந்தால் உடனே சொல்லுங்கள், உதவி திரும்ப உயிர்பெறும்.

இரண்டாவது, நிதி இல்லாமல் போவது. 2021இல் கொரோனா நிவாரணச் சட்டத்தின் கீழ் 500 கோடி டாலரில் சுமார் 70,000 அவசரகால வவுச்சர்கள் கொடுக்கப்பட்டன. 2025 மார்ச்சில், இனி கூடுதல் நிதி வராது என்று ஹட் முகமைகளுக்குத் தெரிவித்துவிட்டது. உங்களுடையது அந்த வகையா என்று வவுச்சர் காகிதத்தில் பாருங்கள். அப்படியென்றால், சாதாரண வவுச்சருக்கோ வேறு திட்டத்துக்கோ மாற்ற வழி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள், திறந்திருக்கும் காத்திருப்புப் பட்டியல்களில் இன்றே பெயரைச் சேருங்கள்.

ஒருமுறை ரத்தானால் மறுபடி வாங்கவே முடியாதா?

விண்ணப்பிக்கலாம், ஆனால் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். பழைய ரத்தும் கட்டாத பாக்கியும் இ.ஐ.வி. அமைப்பில் பத்து ஆண்டு வரை இருக்கலாம். எந்த ஊர் முகமை தேடினாலும் அது தெரியும். அதில் பிழை இருந்தால், பதிவு செய்த முகமைக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். பாக்கியைக் கட்டி முடித்திருந்தால் ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா இப்போதும் தம் ரசீதுகளை அதே நீல டின்னில்தான் வைக்கிறார். ஒவ்வொன்றும் பிரிக்கப்பட்டு, வந்த தேதி மூலையில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது.